எச்சரிக்கையும் அதன் வாசகரும்: மென்பொருள் பாதுகாப்புக் கருவிகளை ஒப்பிடும் முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நிரலில் உள்ள பாதுகாப்புப் பலவீனங்களைக் கண்டறியும் கருவிகள் பெரும்பாலும் வசதிப் பட்டியல், விதிகளின் எண்ணிக்கை, சோதனைத் தொகுப்பில் பெற்ற மதிப்பெண் ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றன. இவ்வொப்பீடு கருவி சொல்வதை அளக்கிறது. சொல்லப்பட்டதை நிரலாளர் எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பதை அளப்பதில்லை. 2008இல் வெளிப்பட்ட டெபியன் நிகழ்வை மையமாகவும், கோட்டூ ஃபெயில், ஹார்ட்பிளீட், லாக்4ஷெல், எக்ஸ்இசட் ஆகியவற்றைத் துணையாகவும் கொண்டு இவ்விடைவெளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓடாநிலைப் பகுப்பாய்வு, ஓடுநிலைச் சோதனை, பொய்யெச்சரிக்கை, விடுபடல், டெபியன், ஹார்ட்பிளீட்.

முன்னுரை

மென்பொருள் எழுதும் குழுவொன்று பாதுகாப்புச் சோதனைக் கருவியைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது முதலில் அதன் கைக்கு வருவது ஓர் அட்டவணையே. இடப்பக்கத்தில் சோனார்கியூப், செம்கிரெப், கோட்கியூஎல், கவரிட்டி, பர்ப் சூட், ஜாப் முதலிய பெயர்கள் நிற்கும். மேல்வரிசையில் எத்தனை நிரல்மொழிகள், எத்தனை விதிகள், என்ன விலை, எந்தெந்தப் பணிச்சூழலோடு இணையும் என்னும் தலைப்புகள் நிற்கும். கட்டங்களுக்குள் சரி என்னும் குறி விழுந்திருக்கும். மிகுதியான குறிகளைப் பெற்ற கருவி வாங்கப்படும். இம்முறையில் வெளிப்படையான பொய் எதுவும் இல்லை. ஆயினும், கருவியின் தரம் கருவிக்குள்ளேயே முழுமையாக அடங்கியிருக்கிறது என்னும் எடுகோளின் மேல்தான் இவ்வட்டவணை கட்டப்பட்டுள்ளது. அவ்வெடுகோள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கருவி ஒரு வாசகர். நிரலைப் படித்துக் குறிப்பெழுதுகிறது. அக்குறிப்பு மற்றொரு பனுவலாகி நிரலாளரின் வாசிப்புக்கு வருகிறது. இவ்விரண்டாம் வாசிப்பில் நேரும் பிழை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

சொல்லாட்சி பற்றி

பொருளுக்குள் புகுமுன் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கருதவேண்டியுள்ளது. ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்னும் தொடரை ‘நிலையான பகுப்பாய்வு’ எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் தமிழில் நிலையானது என்றால் மாறாதது, உறுதியானது, நம்பத்தக்கது என்னும் பொருள்களே முந்தி நிற்கும். மூலத்தில் அப்பொருள் இல்லை. நிரலை ஓடவிடாமல் எழுத்தாக வைத்தே ஆராய்வது என்பது மட்டுமே அதன் கருத்து. எனவே ‘ஓடாநிலைப் பகுப்பாய்வு’, அதற்கு இணையாக ‘ஓடுநிலைச் சோதனை’ என்னும் தொடர்கள் இங்கு ஆளப்படுகின்றன. அவ்வாறே ‘தவறான நேர்மறை’ என்னும் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பும் தமிழ் வாசகருக்கு எதையும் உணர்த்துவதில்லை. இல்லாத பிழையை உண்டென்பது பொய்யெச்சரிக்கை. உள்ள பிழையைச் சொல்லாது விடுவது விடுபடல். இவை இரண்டும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்பவை என்பதையாவது இச்சொற்கள் காட்டுகின்றன.

கருவிகள் காண்பவையும் காணாதவையும்

ஓடாநிலைக் கருவிகளின் மூதாதையாகச் சுட்டத்தக்கது பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய லிண்ட். 1978இல் அதைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளின் பெயரை அதற்கு இட்டது பொருத்தமே. கம்பைலர் ஏற்றுக்கொண்டுவிட்ட நிரலில் ஒட்டியிருந்த துகள்களை அது பொறுக்கியெடுத்தது. இன்று அதே குடும்பப் பெயரால் வழங்கும் கருவிகளுக்குள் ஒற்றுமையைவிட வேற்றுமையே மிகுதி. செம்கிரெப் நிரலின் தோற்றவடிவத்தை வைத்துத் தேடுகிறது; விதியையும் நிரலைப் போன்ற வடிவிலேயே எழுதலாம் என்பதால் ஒரு குழு தன் தேவைக்கேற்ற விதியைத் தானே விரைவில் ஆக்கிக்கொள்ள இயலும். ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த செம்மிள் நிறுவனத்தின் படைப்பான கோட்கியூஎல், நிரலை ஒரு தரவுத்தளமாக மாற்றி அதனிடம் வினாக்களைத் தொடுக்கிறது. 2019இல் அந்நிறுவனத்தை கிட்ஹப் வாங்கியது. ஆழமாகக் காண்பது பின்னது. விரைந்து கைக்கு வருவது முன்னது. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே குறியுடன் நிற்கின்றன.

இன்னும் தெளிவான சான்று ஆஸ்ட்ரே. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆக்கிய இக்கருவி, ஏர்பஸ் ஏ340 வானூர்தியின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓட்டநேரப் பிழை எதுவும் இல்லை என்பதை 2003இல் தானியங்கியாக மெய்ப்பித்தது. ஒரு பிழையையும் விடாமல் காண்பதாக அது உறுதிகூறுகிறது. அதற்கு விலையாக, நினைவகத்தை நினைத்தபோது கேட்டுப் பெறாத, கட்டுப்பாடான நடையில் எழுதப்பட்ட நிரலையே எதிர்பார்க்கிறது. கவரிட்டி அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. தெரிந்தே சிலவற்றை விட்டுவிட்டு, சொல்வதைச் செறிவாகச் சொல்ல முயல்கிறது. இவ்விரண்டையும் ‘ஓடாநிலை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்து எண்ணிக்கையால் ஒப்பிடுவது, மெய்ப்பு நோக்குநரையும் உரையாசிரியரையும் ஒரே அளவுகோலால் அளப்பது போன்றது.

இவ்வேறுபாடு ஆக்கியோரின் திறமைக் குறைவால் வந்ததன்று. நிரல்களின் நடத்தை பற்றிய எந்தச் சிறப்பான பண்பையும் எல்லா நிரல்களுக்கும் பிழையின்றித் தீர்த்துச் சொல்லும் வழிமுறை இருக்க முடியாது என்பதை ஹென்றி கார்டன் ரைஸ் 1953இல் நிறுவினார். ஆகவே ஒவ்வோர் ஓடாநிலைக் கருவியும் பொய்யெச்சரிக்கைக்கும் விடுபடலுக்கும் இடையில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டே ஆகவேண்டும், அல்லது ஆஸ்ட்ரேயைப் போலத் தன் எல்லையைக் குறுக்கிக்கொள்ளவேண்டும். கருவி எங்கே நிற்பதைத் தேர்ந்தது என்பதே ஒப்பீட்டின் முதல் வினாவாக இருக்கவேண்டும். விற்பனை அட்டவணைகளில் அவ்வினாவைக் காண்பது அரிது.

ஓடுநிலைச் சோதனை வேறு வகையில் குறையுடையது. பர்ப் சூட், ஜாப் போன்றவை ஓடிக்கொண்டிருக்கும் இணையச் செயலியை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கின்றன. திறந்த கதவைக் கண்டால் அது பெரும்பாலும் மெய்யாகவே திறந்த கதவு. ஆனால் தட்டாத கதவைப் பற்றி அவற்றால் எதுவும் கூற இயலாது.

இரண்டு வரிகளின் பாடம்: கோட்டூ ஃபெயில்

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூற்றில் ‘கோட்டூ ஃபெயில்’ என்னும் கட்டளை அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, உள்தள்ளலால் அவ்வாறே தோற்றமளித்தாலும், எந்நிலையிலும் நிறைவேறுவது. அதன் விளைவாகக் கீழேயிருந்த இறுதிச் சரிபார்ப்பை நிரல் ஒருபோதும் எட்டவில்லை.

எட்டப்படாத நிரல்பகுதியைக் காண்பது ஓடாநிலைப் பகுப்பாய்வின் அரிச்சுவடி. கிளாங் கம்பைலரில் அதற்கென எச்சரிக்கை அப்போதே இருந்தது. ஆனால் ‘எல்லாம்’ என்று பொருள்படும் பெயருடைய பொது எச்சரிக்கைத் தொகுப்பில் அது சேர்க்கப்படவில்லை. தனியே கேட்டால்தான் பேசும். ஜிசிசி கம்பைலர், ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டும் எச்சரிக்கையை 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில்தான் அப்பொதுத் தொகுப்பில் சேர்த்தது. ‘இவ்வகைப் பிழையைக் கண்டறியுமா?’ என்னும் கட்டத்தில் கிளாங்கிற்கு 2014க்கு முன்பே சரிக்குறி இடலாம். அக்குறியால் எவரும் காப்பாற்றப்படவில்லை.

ஹார்ட்பிளீட்: விதி பிறந்த நேரம்

2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ஹார்ட்பிளீட், ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தின் 1.0.1 பதிப்பு வெளிவந்த 2012 மார்ச்சு முதல் இரண்டாண்டுகள் பொதுவெளியில் கிடந்த பிழை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என அறிய ஒரு முனை சிறு செய்தியை அனுப்பும்; மறுமுனை அதைத் திருப்பி அனுப்பவேண்டும். செய்தியின் நீளம் இவ்வளவு என்று அனுப்புபவரே சொல்கிறார். அவர் சொன்ன நீளமும் வந்த செய்தியின் நீளமும் ஒன்றா என்று நூலகம் பார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பி அதன் நீளம் அறுபதாயிரத்துச் சொச்சம் என்று கூறியவருக்கு, வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுக்கப்பட்டது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், மறையாக்கத் திறவுகோலும் இருக்கலாம்.

மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்திருந்தது. வலுவான ஓடாநிலைக் கருவிகள் அதன்மேல் ஓடவிடப்பட்டும் இருந்தன. அப்படியிருந்தும் அவை வாய்திறக்கவில்லை. காரணம் நுட்பமானது. நகலெடுக்கும் கட்டளையில் உள்ள நீளம் ஆபத்தானது என்று சொல்ல, அம்மதிப்பு வெளியாரிடமிருந்து வந்தது என்பது கருவிக்குத் தெரியவேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வலையமைப்பிலிருந்து வரும் தரவு செயற்கூறுச் சுட்டுகள் வழியாகவும் பல அடுக்குகள் வழியாகவும் பயணப்பட்டே அவ்விடத்தை அடைகிறது. சுட்டு எதைச் சுட்டும் என்பதைக் கருவி உறுதியாக அறிய இயலாதபோது தடம் அறுந்துவிடுகிறது. தடம் அறுந்த தரவையெல்லாம் ஐயத்துக்குரியது என்றால் எச்சரிக்கை வெள்ளமாகப் பெருகும். நம்பத்தக்கது என்றால் மௌனமே மிஞ்சும். வணிகக் கருவிகள் மௌனத்தைத் தேர்ந்திருந்தன.

பிழை வெளிப்பட்ட சில நாள்களில் கவரிட்டி நிறுவனத்தார் ஓர் உத்தியைக் கண்டனர். வலையமைப்பில் எண்கள் செல்லும் பைட் வரிசை வேறு. பெரும்பாலான கணினிச் சில்லுகளின் பைட் வரிசை வேறு. எனவே ஒரு நிரல் பைட்டுகளை இடம் மாற்றி ஓர் எண்ணை உருவாக்குகிறது என்றால், அவ்வெண் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கும். தரவின் தடத்தைப் பின்தொடர முடியாவிட்டாலும், அதன் நடையை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம். இந்த ஊகம் அழகானது, பாராட்டத்தக்கது. ஆயினும் ஒப்பீட்டு நோக்கில் ஒன்றை மறக்கலாகாது. விதி பிழைக்குப் பின் பிறந்தது. அதன்பின் தயாரிக்கப்படும் அட்டவணையில் ‘ஹார்ட்பிளீடைக் கண்டறியும்’ என்று எழுதப்படும் கூற்று உண்மை. அது நாளைய பிழையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

ஓடுநிலைப் பக்கத்தில், ஒழுங்கற்ற உள்ளீடுகளை இடைவிடாமல் ஊட்டும் ஃபஸ்ஸிங் முறையையும் நினைவக மீறலைக் காட்டும் அட்ரஸ்சானிட்டைசரையும் இணைத்தால் இப்பிழை சில மணி நேரத்தில் வெளிப்படும் என்பது 2015இல் செய்து காட்டப்பட்டது. அட்ரஸ்சானிட்டைசர் 2012 முதலே பொதுப்பயன்பாட்டில் இருந்தது. தேவைப்பட்ட கருவி இருந்தும், அதை அந்த வாசலில் நிறுத்தும் ஆள் இருக்கவில்லை.

டெபியன், 2006–2008: உண்மையான எச்சரிக்கை செய்த கேடு

மேற்கண்ட இரண்டும் கருவி பேசாத அல்லது பேசவிடப்படாத நிகழ்வுகள். கருவி பேசி, பேசியது உண்மையாகவும் இருந்து, அதன் பயனாகவே பேரிடர் விளைந்த நிகழ்வு ஒன்று உண்டு. ஒப்பீட்டு முறைகளை எடைபோட அதைவிடக் கூரிய சான்று கிடைப்பது கடினம்.

மறையாக்கத் திறவுகோலை உருவாக்க எவரும் ஊகிக்க முடியாத தற்போக்கு எண்கள் தேவை. ஓப்பன்எஸ்எஸ்எல் பல இடங்களிலிருந்து தரவைத் திரட்டித் தன் எண் குளத்தில் கலந்து வைத்திருக்கும். எண் கேட்டு வருபவர் கொண்டுவரும் வெற்று நினைவகத்தில் தற்செயலாகக் கிடக்கும் எச்சத்தையும், பயன்பட்டால் பயன்படட்டும் என்று அதே குளத்தில் கலக்கும். மதிப்பிடப்படாத நினைவகத்தை இவ்வாறு படிப்பது பொதுவாகப் பிழையின் அறிகுறி. வால்கிரைண்ட், பியூரிஃபை ஆகிய ஓடுநிலைக் கருவிகள் அதைச் சரியாகவே பிடித்தன. எச்சம் குளத்தில் கலந்ததால், குளத்திலிருந்து வந்த ஒவ்வோர் எண்ணும் அக்கருவிகளுக்கு ஐயத்துக்குரியதாகி, ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்திய நிரல்களிலெல்லாம் எச்சரிக்கைகள் குவிந்தன.

2006இல் டெபியன் தொகுப்பின் பராமரிப்பாளர் இவ்வெச்சரிக்கைகளின் மூலத்தைத் தேடிச் சென்றார். ஒரே தோற்றமுடைய ஒரே கட்டளை இரண்டு செயற்கூறுகளில் இருந்தது. ஒன்று, வெற்று நினைவகத்தின் எச்சத்தைக் கலக்கும் வரி; அதை நீக்கினால் குறிப்பிடத்தக்க இழப்பில்லை. மற்றொன்று, திரட்டப்பட்ட தரவு முழுவதும் குளத்துக்குள் நுழையும் ஒரே மதகு. ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் அவர் கருத்துக் கேட்டார். உறுதியான மறுப்பு எழவில்லை. இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன. எச்சரிக்கைகள் ஓய்ந்தன.

அதன்பின் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் திறவுகோல் உருவாக்கத்தில் மாறக்கூடியதாக எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் மட்டுமே. அவ்வெண்ணின் வழக்கமான உச்சவரம்பு 32,768. அதாவது, ஒரு குறிப்பிட்ட வகையும் நீளமும் உடைய திறவுகோல்கள் உலகில் ஏறத்தாழ 32,768 மட்டுமே இருக்க முடியும் என்றாயிற்று. அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியலிட்டுவிடலாம். 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிந்து வெளிப்படுத்தும்வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள், இத்திறவுகோல்கள் வழங்கிகளைக் காத்துக்கொண்டிருப்பதாக நம்பப்பட்டது. திருத்தம் வந்தபின்னும் பழைய திறவுகோல்களைத் தேடி அழித்துப் புதியன ஆக்கவேண்டியிருந்தது. நிரலைப் புதுப்பிப்பதால் மட்டும் தீரும் சிக்கலாக அது இருக்கவில்லை.

இந்நிகழ்வை வழக்கமான அளவுகோல்களில் வைத்துப் பார்க்கவேண்டும். வால்கிரைண்ட் சொன்னது மெய். மதிப்பிடப்படாத நினைவகம் படிக்கப்பட்டது உண்மையே. ஆகவே பொய்யெச்சரிக்கைக் கணக்கில் அது சேராது. எச்சரிக்கைக்கு நிரலாளர் செவிசாய்த்தார். புறக்கணிப்புக் கணக்கிலும் அது சேராது. திருத்தத்திற்குப்பின் எச்சரிக்கைகள் இல்லாமற்போயின; மேலாளர் பார்க்கும் வரைபடத்தில் கோடு கீழிறங்கியிருக்கும். ஒவ்வோர் அளவும் முன்னேற்றத்தைக் காட்ட, பாதுகாப்பு அடியோடு சரிந்தது. அவ்வெச்சரிக்கை ‘இங்கு என்ன நிகழ்கிறது’ என்று கூறியதேயன்றி ‘இது ஏன் இங்கு இருக்கிறது’ என்று கூறவில்லை, கூறவும் இயலாது. வரியின் நோக்கம் ஆக்கியோரின் நினைவில் இருந்தது. இரு வரிகளுள் ஒன்றின் அருகில் பியூரிஃபை கருவிக்காக அதைத் தவிர்க்கும் ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது. மற்றதன் அருகில் அத்தகைய ஏற்பாடு இல்லை. அவ்வேறுபாடே ஒரு குறிப்புதான், படிக்கத் தெரிந்தவருக்கு. பராமரிப்பாளரைக் குற்றம்சாட்டி முடித்துவிடுவது எளிது, அது நியாயமன்று. அவர் கருவி கேட்டதைச் செய்தார்.

வாசகரை அளக்க முயன்றவர்கள்

நிரலாளரின் எதிர்வினையையும் கணக்கில் கொண்ட ஆய்வுகள் இல்லாமலில்லை. கவரிட்டியை ஆக்கியோர் 2010இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் எழுதிய கட்டுரை அவ்வகையில் நேர்மையானது. பொய்யெச்சரிக்கை 30 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்துவோர் கருவியையே புறக்கணிக்கின்றனர். புரியாத மெய்யெச்சரிக்கையைப் பொய் என்று குறித்துவிடுகின்றனர். புதிய பதிப்பு கூடுதல் பிழைகளைக் கண்டால் மேலாளர்கள் மகிழ்வதில்லை, வருந்துகின்றனர். மூன்றாவதாகச் சொன்னது தனியே எண்ணத்தக்கது. கருவியின் ஆற்றல் கூடுவதே அதன் குறையாகக் கருதப்படும் சூழலில், விதிகளின் எண்ணிக்கையை வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்துவதற்கு என்ன பொருள்?

ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2019இல் அதே இதழில் வெளியிட்ட பட்டறிவு இதைவிடத் தெளிவானது. இன்ஃபர் என்னும் அவர்களது கருவி முதலில் இரவில் ஓடி, காலையில் பிழைப்பட்டியலைத் தந்தது. அப்பட்டியலிலிருந்து திருத்தப்பட்டவை ஏறத்தாழ ஒன்றுமில்லை. பின்னர் அதே பகுப்பாய்வின் முடிவுகளை, நிரலாளர் தம் மாற்றத்தை மதிப்பாய்வுக்கு வைக்கும் தருணத்திலேயே அவ்வரியின் அருகில் காட்டினர். திருத்தவீதம் 70 விழுக்காட்டைத் தாண்டியது. கருவி மாறவில்லை; அது பேசிய நேரமும் இடமுமே மாறின. வசதி அட்டவணையில் இவ்விரண்டு இன்ஃபர்களும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் ஒருபடி மேலே சென்று பொய்யெச்சரிக்கைக்கே புது இலக்கணம் வகுத்தனர். எச்சரிக்கையைக் கண்ட நிரலாளர் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லையெனில், அது கோட்பாட்டளவில் மெய்யாயினும் பயனளவில் பொய்யே. அத்தகையவை 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. வாசகருக்கு முதலிடம் தரும் இவ்விலக்கணம் வரவேற்கத்தக்கது. ஆனால் டெபியன் நிகழ்வை அதனுள் பொருத்திப் பார்த்தால் அதன் எல்லை புலப்படும். அங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆகவே கூகுளின் இலக்கணப்படி வால்கிரைண்டின் எச்சரிக்கை முழு வெற்றி. செயலை அளப்பது புரிதலை அளப்பதாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மதிப்பெண்களின் மயக்கம்

சோதனைத் தொகுப்புகளைப் பற்றியும் கூறவேண்டும். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் பரப்பும் ஜூலியட் தொகுப்பில் சி, சி++ மொழிகளுக்கு மட்டும் 60,000க்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன. அவை சோதனைக்கென்றே செய்யப்பட்ட சிறு நிரல்கள். பிழையுள்ளதும் பிழையற்றதும் பெயராலேயே பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். ஹார்ட்பிளீடைப் போலப் பல கோப்புகளையும் அடுக்குகளையும் கடந்து வரும் பிழை அங்கு வாழ இடமில்லை. நிஸ்ட் நடத்திய கருவிக் கண்காட்சிகளில் இது போட்டியன்று, சிறந்த கருவியைத் தேர்வதன்று என்று அந்நிறுவனமே வலியுறுத்தி வந்தது. விளம்பரங்கள் அவ்வெச்சரிக்கையைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஓவாஸ்ப் பெஞ்ச்மார்க் தொகுப்பில் ஜாவா மொழிக்கு 2,740 சோதனைகள் உள்ளன. மெய்ப்பிழையைக் கண்ட விழுக்காட்டிலிருந்து பொய்யெச்சரிக்கை விழுக்காட்டைக் கழிப்பது அதன் மதிப்பெண். எல்லாவற்றையும் பிழையென்று கத்தும் கருவிக்கும் எதையும் சொல்லாத கருவிக்கும் சுழியமே கிடைக்கும் என்பது இதன் நல்ல பண்பு. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அத்தொகுப்பில் ஏறத்தாழப் பாதிச் சோதனைகள் மெய்யான பிழை உடையவை. உண்மை நிரலில் அப்படியில்லை. எடுத்துக்காட்டாக, ஐயத்துக்குரிய 10,000 இடங்கள் உள்ள ஒரு நிரலில் 10 இடங்களில் மட்டுமே மெய்யான பிழை இருப்பதாகக் கொள்வோம். 90 விழுக்காடு கண்டறிந்து 10 விழுக்காடு பொய்யெச்சரிக்கை தரும் கருவி, 80 மதிப்பெண் பெற்ற சிறந்த கருவி, அங்கு 9 பிழைகளைக் காணும். உடன் 999 பொய்களையும் சொல்லும். ஓர் உண்மைக்கு 111 பொய். கவரிட்டி ஆய்வாளர்கள் சொன்ன 30 விழுக்காட்டு எல்லையை நினைவுகூர்ந்தால், 80 மதிப்பெண் பெற்ற அக்கருவியை முதல் வாரத்திலேயே அணைத்துவிடுவார்கள் என்பதை ஊகிக்கலாம்.

இதனோடு மற்றொரு தடையும் சேர்கிறது. சில வணிகக் கருவிகளின் உரிம ஒப்பந்தங்கள் ஒப்பீட்டு முடிவுகளை நிறுவனத்தின் இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கின்றன. தரவுத்தளத் துறையில் டேவிட் டிவிட் பெயரால் வழங்கும் பழைய பிரிவின் வாரிசு இது. ஆய்வாளர் அளந்ததைச் சொல்லக்கூடாது. விற்பவர் அளந்ததை மட்டும் படிக்கலாம்.

எல்லைக்கு வெளியே இருப்பவை

2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் இன்னொரு வகையைச் சேர்ந்தது. பதிவேட்டில் எழுதவேண்டிய ஒரு வரிக்குள் வெளியிடத்திலிருந்து நிரலை அழைக்கும் குறிப்பு இருந்தால், லாக்4ஜே நூலகம் அதை நிறைவேற்றிவிடும். இது வழுக்கி வந்த பிழையன்று. 2013 முதல் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த வசதி. தம் நிரலை எத்தனை முறை ஓடாநிலையில் ஆராய்ந்தாலும், பிறர் நூலகத்தின் வசதியைப் பிழையென்று ஒரு குழு அறிந்திருக்க வாய்ப்பு குறைவு. இங்கு உதவியவை, எந்த நிரலுக்குள் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு உள்ளது எனக் கணக்கெடுக்கும் உட்கூறுத் தணிக்கைக் கருவிகள். அவையும் அறிவிப்புக்குப் பின்பே உதவின. தொகுப்புக்குள் தொகுப்பாகப் பொதிந்துகிடந்த நூலகங்களைச் சில கருவிகள் காணாமலும் விட்டன. உட்கூறுத் தணிக்கையையும் ஓடாநிலைப் பகுப்பாய்வையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்து விலை ஒப்பிடும் குழு, இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதைத் தவறவிடுகிறது.

2024 மார்ச்சு 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் நிகழ்வில் கருவிகள் எதிர்கொண்டது பிழையை அல்ல, கருவிகளை அறிந்த ஒரு மனிதரை. ஜியா தான் என்னும் பெயரில் ஈராண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், சோதனைக் கோப்புகள் போலத் தோன்றியவற்றுக்குள் தீநிரலை மறைத்தார். அதை இயக்கும் வரிகள் பொதுவில் இருந்த மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை மட்டும் படித்த எந்தக் கருவிக்கும் படிப்பதற்கே அங்கு ஒன்றுமில்லை. மேலும், திறந்த மென்பொருள்களை இடைவிடாது சோதிக்கும் கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டத்தில், தாம் பின்னர் பயன்படுத்தவிருந்த ஒரு நுட்பத்தை எக்ஸ்இசட்டின் சோதனையிலிருந்து முடக்கி வைக்கும் மாற்றத்தை அவர் 2023லேயே முன்வைத்தார். அது ஏற்கப்பட்டது. தொழில்நுட்பக் காரணம் காட்டும் சிறு அமைப்பு மாற்றமாகவே அது தோன்றியது. அத்தகையவை நாள்தோறும் ஏற்கப்படுபவை.

பிடிபட்ட விதமும் நோக்கத்தக்கது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களுள் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், வேறொரு வேகச் சோதனைக்காகத் தம் கணினியை ஆயத்தப்படுத்தும்போது, தொலை உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டார். அதற்குச் சில வாரங்கள் முன் வால்கிரைண்ட் தந்த, காரணம் விளங்காத ஓர் எச்சரிக்கையும் அவர் நினைவில் இருந்தது. டெபியனில் எச்சரிக்கையைப் போக்கிய அதே கருவியின் குரல், இங்கே போக்கப்படாமல் ஒருவரின் மனத்தில் தங்கியிருந்தது. அரை நொடியையும் அவ்வெச்சரிக்கையையும் சேர்த்துப் படித்து, அவர் மூலத்தைத் தேடிச் சென்றார்.